முகம் பார்த்துக் கதை கேட்ட மலைப்பாம்பு

கரட்டு மலையின் அடிவாரத்தில், ஓர் உசிலமரத்தின் வேர்களுக்குக் கீழே, வயதான முள்ளம்பன்றித் தம்பதி வாழ்ந்து வந்தது. கணவன் பெயர் கூரன். மனைவி பெயர் நொச்சி. கூரனின் முன்பற்கள் தேய்ந்துவிட்டன. நொச்சியின் முதுகில் உதிர்ந்த முட்கள் பழைய நீளத்துக்கு வளரவில்லை. பெற்ற பிள்ளைகள் எல்லாம் வளர்ந்து திசைக்கு ஒன்றாகப் போய்விட்டன. வளையில் இப்போது இவர்கள் இருவர் மட்டுமே.

அது மார்கழி மாதம். ஒரு விடியற்காலையில் இரை தேடிவிட்டு இருவரும் வளைக்குத் திரும்பினார்கள். வாசலில் நொச்சி சட்டென்று நின்றாள். மண்ணில் ஒரு தடம் தெரிந்தது. காலடித் தடம் அல்ல. பெருத்த மரம் ஒன்றை யாரோ உள்ளே இழுத்துப் போனதுபோல அகலமான தடம். உள்ளே போயிருந்தது. வெளியே வந்த தடம் இல்லை.

கூரன் முட்களைச் சிலிர்த்துக்கொண்டு மெல்ல உள்ளே போனான். நொச்சி அவன் பின்னாலேயே போனாள். படுக்கை அறையில் யாரும் இல்லை. இடப்பக்கம் ஒரு சின்ன அறை உண்டு. பிள்ளைகள் சிறுசாக இருந்தபோது படுத்திருந்த அறை. அங்கே இருட்டில் ஏதோ மினுமினுத்தது. பானை பானையாக அடுக்கி வைத்ததுபோல ஒரு மலைப்பாம்பு சுருண்டு கிடந்தது.

கூரனின் வால் முட்கள் தாமாகவே கலகலத்தன.

“பயப்படாதீங்க அண்ணாச்சி. மதினி, நீங்களும் பயப்படாதீங்க. வெளியே பனி கொல்லுது. குளிர் தெளியுற வரைக்கும் ஒரு மூலையில கிடந்துட்டுப் போறேன். குளிர்காலத்துல எனக்குப் பசியே எடுக்காது” என்றது பாம்பு. அதன் குரல் வெல்லப்பாகு போல இழுபட்டது.

போ என்று சொல்லக் கூரனுக்கு வாய் வரவில்லை. இரு என்று சொல்லவும் மனம் வரவில்லை. கடைசியில், சரி, குளிர் தெளியும்வரைதானே என்று முனகிவிட்டுத் திரும்பினான். அந்த முனகலைப் பாம்பு சம்மதமாக எடுத்துக்கொண்டது.

அன்று பகல் முழுவதும் இருவரும் கண் மூடவில்லை. ஒருவர் முதுகோடு ஒருவர் முதுகை ஒட்டிக்கொண்டு படுத்திருந்தார்கள். பக்கத்து அறையில் பாம்பு மூச்சு விடுவது கேட்டது. இழுத்து, நிறுத்தி, மெல்ல விடும் மூச்சு. அது நிற்கும்போதெல்லாம் இவர்கள் மூச்சும் நின்றது.

இங்கே இருக்க வேண்டாம் என்று நொச்சி அன்று மாலையே சொன்னாள். ஓடைக்கு அந்தப் பக்கம் பாறை மேடு இருக்கிறது, அங்கே போய்ப் புதிதாக ஒரு வளை தோண்டிக்கொள்ளலாம் என்றாள். கூரன் கேட்கவில்லை. இந்த வயதில் எங்கே போவது என்றான். நாம் குடும்பம் நடத்திய இடம் இது என்றான். பிள்ளைகள் தேடி வந்தால் எங்கே வருவார்கள் என்றும் கேட்டான். பிள்ளைகள் தேடி வந்து பல வருஷம் ஆயிற்று. நொச்சி அதைச் சொல்லவில்லை.

நாட்கள் போயின. பாம்பு ஒரு தொந்தரவும் செய்யவில்லை. அதற்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. கதை கேட்க வேண்டும்.

“அண்ணாச்சி, இவ்வளவு அருமையான வளையை எப்பத் தோண்டினீங்க? சொல்லுங்களேன்” என்று அது ஒரு நாள் ஆரம்பித்தது.

கூரனை யாரும் அப்படிக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அவன் அறை வாசலில் பக்கவாட்டில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினான். பாம்பு குறுக்கிட்டது. அப்படி உட்கார வேண்டாம், முகத்தைப் பார்த்துச் சொன்னால்தான் கதை ருசிக்கும் என்றது. கூரன் திரும்பி முகம் காட்டி உட்கார்ந்தான்.

அன்று முதல் தினமும் கதை நடந்தது. ஓடை பெருகி ஊரே மூழ்கிய வருஷம், காடு தீப்பிடித்த கோடை, முதல் பிள்ளை பிறந்த அன்று பெய்த மழை என்று கூரன் சொல்லிக்கொண்டே போனான். பாம்பு, ஆகா என்றது. இப்பேர்ப்பட்ட வீட்டை விட்டுப் போக யாருக்குத்தான் மனசு வரும் என்றது. சொல்லச் சொல்லக் கூரனுக்கு வளை இன்னும் அழகாகத் தெரிந்தது. பாம்பின் மேலிருந்த பயம்கூடக் கொஞ்சம் விலகி நின்றதுபோல இருந்தது.

நொச்சிக்கு விலகவில்லை. பாம்பு கூரனின் கண்ணைப் பார்க்கவில்லை என்பதை அவள் கவனித்தாள். அது அவன் மூக்கைப் பார்த்தது. கழுத்தைப் பார்த்தது. முள் இல்லாத இடங்களாகப் பார்த்தது. முள்ளம்பன்றிக்கு முதுகெல்லாம் வேலி, முகத்தில் மட்டும் வேலி கிடையாது. இது கதைக்காக முகத்தைக் கேட்கவில்லை என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று.

கூரனிடம் தனியாகச் சொன்னாள். அவன் சிரிக்க முயன்றான். சிரிப்பு பாதியில் நின்றது. “உனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் தூங்கவில்லை என்பது அவன் முதுகிலிருந்தே அவளுக்குத் தெரிந்தது.

தை மாதத்தில் ஒரு நாள் விடியும் நேரம். செம்பி என்ற இளம் முயல் மூச்சிரைக்க வாசலுக்கு வந்தாள். அவளை ஒரு நரி விரட்டியிருந்தது. பின்னங்காலில் காயம்.

“பெரியம்மா, வெயில் ஏறுற வரைக்கும் உள்ள இருந்துக்கறேன்” என்று கெஞ்சினாள்.

நொச்சி வாசலை மறித்து நின்றாள். உள்ளே வேண்டாம், வேறு எங்காவது போ என்று சொன்னாள். செம்பி விழித்தாள். நரியின் ஊளை பக்கத்தில் கேட்டது. நொச்சி மேற்கொண்டு சொல்லும் முன்பே அவள் கால்களுக்கு இடையில் நுழைந்து செம்பி உள்ளே ஓடிவிட்டாள்.

நொச்சி வாசலிலேயே நின்றாள். நரி தூரமாகப் போகும்வரை நிற்கத்தான் வேண்டியிருந்தது. அவள் உள்ளே வந்தபோது வளை அமைதியாக இருந்தது. கூரன் படுக்கையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். செம்பியைக் காணவில்லை.

“முயல் எங்கே?”

பக்கத்து அறையிலிருந்து பாம்பின் குரல் வந்தது. முன்னைவிடக் கனத்த குரல்.

“அந்தப் பொண்ணா மதினி? அவ அப்பவே போயிட்டாளே. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறேன்னு சொன்னா.”

நொச்சி எட்டிப் பார்த்தாள். பாம்பின் உடம்பில் நடுவில் ஒரு புடைப்பு இருந்தது. நேற்று அது இல்லை.

“பசிக்காதுன்னு சொன்னுச்சே” என்று அவள் கூரனின் காதோரம் கேட்டாள்.

முயல்கள் அப்படித்தான், சொல்லாமல் கொள்ளாமல் போகும் என்று கூரன் சொன்னான். சுவரைப் பார்த்தபடியே சொன்னான்.

அன்று மாலை இருவரும் இரை தேடிப் புறப்பட்டார்கள். வயிறு நிறைந்த பாம்பு அசையாமல் தூங்கியது. ஓடைக்கரை விளாமரத்தடியில் பழங்கள் விழுந்து கிடந்தன. இருவரும் ஒன்றையும் தொடவில்லை. நொச்சி ஓடைக்கு அப்பால் பார்த்தாள். பாறை மேட்டின் மேல் கடைசி வெயில் இருந்தது.

“திரும்பிப் போக வேணாம்ங்க. இப்படியே போயிடலாம்” என்றாள்.

கூரன் பழையபடி தொடங்கினான். அந்த வளையில்தான் நாம் வெள்ளத்தில் பிழைத்தோம், அந்த வளைதான் நம்மைத் தீயிலிருந்து காப்பாற்றியது என்றான்.

நொச்சி அவனை ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை. அன்று மறுத்தாள்.

“அந்தக் கதையை எல்லாம் நானும் கூட இருந்துதான் பார்த்தேன். வெள்ளம் வந்தப்ப நாம வளைக்குள்ள இல்லை. பழைய வளை மூழ்கிப் போச்சு, ஓடி வந்தோம். அப்படி ஓடி வந்துதான் இதைத் தோண்டினோம். தீப்பிடிச்சப்பவும் வளை நம்மைக் காப்பாத்தலை. உள்ள புகை நிறைஞ்சுது. பிள்ளைகளை முன்னால தள்ளிக்கிட்டு மலை ஏறினோம். நீங்க சொல்ற எல்லாக் கதையிலயும் நாம ஓடிக்கிட்டுத்தான் இருந்தோம். நீங்க மட்டும் வீட்டுக் கதையாச் சொல்றீங்க.”

கூரன் தன் வலது முன்காலை அவள் முன்னால் நீட்டினான். விரல்கள் மடங்கி இறுகியிருந்தன. இரண்டு நகங்கள் இல்லை. எப்போது போயின என்று அவளுக்கே தெரியாது. அவன் அந்தக் காலை எப்போதும் அடியில் மடித்து வைத்திருந்தான்.

“என்னால தோண்ட முடியாது, நொச்சி. போன மழைக்காலத்திலேயே தெரிஞ்சு போச்சு. உன்கிட்டச் சொல்ல வெட்கமா இருந்தது. புது இடத்துக்குப் போனா நீ வெட்டவெளியில கிடக்கணும், நான் பார்த்துக்கிட்டு நிக்கணும். அதை நினைச்சாப் பாம்பைவிடப் பயமா இருந்தது.”

நொச்சி அந்தக் காலை முகர்ந்தாள். நாவால் தடவினாள்.

“நான் தோண்டுவேன். நீங்க மண்ணை வெளியே தள்ளுங்க. தள்ளுறதுக்கு நெஞ்சு போதும், நகம் வேணாம்” என்றாள்.

அவன் கண் கலங்கியது. சரி, போவோம் என்றான். ஆனால் ஒரே ஒரு பகல் மட்டும் அந்த வீட்டில் படுத்துவிட்டுப் போகலாம் என்று கேட்டான். பாம்புதான் வயிறு நிறைந்து தூங்குகிறதே, நாளைக்கு மாலை கிளம்பினால் என்ன என்றான். வேண்டாம் என்று அவள் நாக்கின் நுனிவரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்தாள். சொல்லாமல் விட்டுவிட்டாள்.

அந்த ஒரு பகல்தான் வினையாக முடிந்தது.

அடுத்த மாலை அவர்கள் கண் விழித்தபோது பாம்பு பக்க அறையில் இல்லை. வாசலுக்குப் போகும் வழியில் நீளமாகக் கிடந்தது. வழி குறுகல். அதன் உடம்பு முக்கால் வழியை அடைத்திருந்தது. வாசல் வெளிச்சத்தில் அதன் தலை மட்டும் இவர்கள் பக்கம் திரும்பியிருந்தது.

உள்ளே குளிர் தாங்கவில்லை, அதனால் வெயில் படும் இடத்துக்கு வந்துவிட்டேன் என்று அது சொன்னது. இருவரும் சேர்ந்து போனால் தன் உடம்பு நசுங்கும் என்றது. “ஒவ்வொருத்தராப் போய்ட்டு வாங்க. ஒருத்தர் என்கூடப் பேச்சுத் துணைக்கு இருங்க. போனவங்க வந்த பிறகு மத்தவங்க போகலாம். எனக்குத் தனியா இருந்தா மனசு ஒரு மாதிரி ஆயிடும்.”

அதற்கு என்ன பொருள் என்று இருவருக்கும் புரிந்தது. ஒருவர் ஓடினால் மற்றவர் இரை.

முதலில் நொச்சி போனாள். பாம்பின் உடம்புக்கும் சுவருக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு நடந்தாள். அதன் தோல் அவள் கால்களில் உரசியது. குளிர்ந்த தோல். அடியில் தசை மெல்ல இறுகித் தளர்வதை அவள் உணர்ந்தாள். தலையை நெருங்கும்போது முகத்தைத் தாழ்த்தி, முதுகு முள்ளை உயர்த்திக்கொண்டாள். பாம்பு நாக்கை நீட்டி அவளை முகர்ந்தது. விட்டுவிட்டது.

அவள் வெளியே வந்து ஓடைவரை நடந்தாள். தண்ணீரில் காலை வைத்தாள். நாலு எட்டு வைத்தால் அக்கரை. பாறை மேடு கண் முன்னால் இருந்தது. தனியாகப் போனால் அவள் பிழைப்பாள். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்குத் தன்மேலேயே பயம் வந்தது. ஒரு கிழங்கைக் கவ்விக்கொண்டு திரும்பினாள்.

அவள் உள்ளே வந்ததைப் பார்த்துக் கூரன் திகைத்தான். ஏன் வந்தாய் என்று கண்ணாலேயே கேட்டான். நாளைக்குப் போனால் திரும்பி வராதே என்று மெல்லச் சொன்னான்.

“வாயை மூடுங்க” என்றாள் நொச்சி. அவனை அப்படி அவள் அதட்டியதே இல்லை.

படுக்கை அறைக்கு வலப்பக்கம் முன்பு ஒரு பின்வாசல் இருந்தது. ஒரு பெருமழையில் மண் சரிந்து மூடிவிட்டது. பிறகு யாரும் அதைத் திறக்கவில்லை. அதைத் தோண்டிவிடலாம் என்றாள் நொச்சி. கூரன் தலையை ஆட்டினான். பாம்புக்கு வயிறும் ஒரு காதுதான், மண்ணில் ஓர் எறும்பு நடந்தாலும் அதற்குத் தெரியும் என்றான்.

“தெரியட்டும். அதைவிடப் பெரிய சத்தமா நீங்க போடுங்க” என்றாள் நொச்சி. “அதுக்குக் கதைதானே வேணும்? நாளைக்குப் பகல் முழுக்கச் சொல்லுங்க. வாலை ஆட்டி, காலைத் தட்டி, கூத்துக் கட்டுற மாதிரிச் சொல்லுங்க.”

அதற்கு அவன் பாம்பின் எதிரே முகம் காட்டி உட்கார வேண்டும். இருவருக்கும் அது தெரியும். இருவரும் அதைப் பேசவில்லை. படுக்கை அறையின் வாயிலிலேயே உட்காருங்கள், அங்கேதான் உடம்பைத் திருப்ப இடம் இருக்கிறது என்று மட்டும் நொச்சி சொன்னாள்.

மறுநாள் வெயில் ஏறியது. அன்று வழக்கத்தைவிடச் சூடு. பாம்பின் உடம்பில் புடைப்பு கரைந்து போயிருந்தது. அதன் கண்ணில் ஒரு புதுப் பளபளப்பு. அது இரண்டு முறை வாயைத் திறந்து மூடியது.

“அண்ணாச்சி, கிட்ட வந்து உட்காருங்க. இன்னிக்கு என்ன கதை?”

“தீப்பிடிச்ச வருஷத்துக் கதை” என்றான் கூரன். அறை வாயிலில் உட்கார்ந்தான். முகத்தைக் காட்டினான்.

வலப்பக்கம் நொச்சியின் நகம் மண்ணில் விழுந்தது.

கூரன் பின்னங்காலால் தரையை அடித்தான். வால் முட்களைக் கலகலவென்று ஆட்டினான். “இப்படித்தான் மூங்கில் வெடிச்சுது” என்று கத்தினான். பாம்பு தலையைச் சற்றே பின்னுக்கு இழுத்தது. பிறகு சுவாரசியமாக நெருங்கியது.

அவன் சொல்லச் சொல்ல நொச்சி தோண்டினாள். வேர் குறுக்கிட்ட இடத்தில் பல்லால் கடித்தாள். கல் வந்த இடத்தில் கல்லைச் சுற்றிப் போனாள். கூரனின் குரல் நின்றால் அவளும் நின்றாள். குரல் எழுந்தால் அவள் நகமும் எழுந்தது. மூக்கிலும் கண்ணிலும் மண் விழுந்தது. அவள் துடைக்கவில்லை.

பகல் உச்சிக்கு வந்தது. கூரனுக்குத் தொண்டை வறண்டது. பாம்பு இன்னும் ஒரு சாண் நெருங்கியிருந்தது.

“மதினி எங்கே அண்ணாச்சி? புது மண் வாசனை அடிக்குது.”

அவள் படுக்கைக்கு மண்ணைக் கிளறிப் பதப்படுத்துகிறாள், வயதான உடம்பு, பழைய மண் உறுத்துகிறது என்று கூரன் சொன்னான். பாம்பு நாக்கை நீட்டியது. ஒரு கணம் எதுவும் அசையவில்லை. பிறகு, சரி, தீ வந்தது, அப்புறம் என்றது.

வழக்கமாக அந்த இடத்தில் கூரன் தன் வீரத்தைச் சொல்வான். அன்று பொய் சொல்லத் தெம்பு இல்லை. நடந்ததை நடந்தபடியே சொன்னான். புகையில் கண் தெரியவில்லை. கடைசிப் பிள்ளை நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. நொச்சி அதை மூக்கால் முட்டி முட்டித் தள்ளினாள். தீக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு முழம்தான் இடம் இருந்தது. முட்கள் கருகும் நாற்றம் அடித்தது.

“பயந்தீங்களா அண்ணாச்சி?” என்று பாம்பு கேட்டது. அதன் மூச்சு இப்போது அவன் மூக்கில் பட்டது.

“ரொம்ப.”

“பிறகு எப்படிப் போனீங்க?”

கூரன் யோசித்தான். இத்தனை வருஷம் சொன்ன கதையில் அந்தக் கேள்வி அவனுக்கு வந்ததே இல்லை.

“பயந்துகிட்டேதான் போனோம்” என்றான்.

அந்த நேரத்தில் வளைக்குள் ஒரு காற்று வந்தது. மெல்லிய காற்று. காய்ந்த புல்லின் வாசனையோடு வலப்பக்கமிருந்து வந்தது. நொச்சி மண்ணைத் துளைத்துவிட்டாள்.

பாம்பின் நாக்கு ஒரு தரம் வெளியே வந்து அப்படியே நின்றது.

“பின்னால ஒரு வாசல் இருக்கா, அண்ணாச்சி?” என்று அது கேட்டது. குரலில் இப்போது வெல்லப்பாகு இல்லை.

கூரன் உடம்பைச் சுழற்றினான். வயதான உடம்பு பாதிதான் திரும்பியது. பாம்பின் தலை மின்னலாகப் பாய்ந்தது. கன்னத்துக்கு வந்த வாய், திரும்பிய தோளில் விழுந்தது. அங்கே முள் இருந்தது. பாம்பின் அண்ணத்தில் இரண்டு முட்கள் ஆழமாகப் பாய்ந்தன. அது சீறிக்கொண்டு தலையை உதறியது. அந்த உதறலில் கூரன் சுவரில் மோதி விழுந்தான். விழுந்தவன் எழுந்து வலப்பக்கம் ஓடினான்.

நொச்சி தோண்டிய வழி நொச்சியின் அளவுக்குத்தான் இருந்தது. கூரன் பாதியில் சிக்கிக்கொண்டான். முன்னால் வெளிச்சம். பின்னால் பாம்பின் உடம்பு மண்ணில் உரசி வரும் ஓசை. அவன் மூன்று காலால் உந்தினான். நகரவில்லை. ஊனக் காலையும் ஊன்றி உந்தினான். வெளியே இருந்த நொச்சி அவன் தோளுக்கு மேலிருந்த வேரைக் கவ்வி, பல் ஆடும்படி கடித்து இழுத்தாள். வேர் அறுந்தது. மண் சரிந்தது. கூரன் வெளியே வந்து விழுந்தான்.

அவன் முதுகின் கடைசி முட்கள் அந்தத் துளைக்குள் நின்றுவிட்டன. துரத்தி வந்த பாம்பின் முகம் அவற்றில்தான் மோதியது. உள்ளே ஒரு நீண்ட சீறல் கேட்டது. பிறகு அது உடம்பை உள்ளுக்குள் இழுத்துக்கொண்டு போகும் ஓசை கேட்டது.

இருவரும் நிற்கவில்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பகல் வெளிச்சத்தில் முள்ளம்பன்றி நடப்பது ஆபத்து. ஆனாலும் நடந்தார்கள். கூரன் ஒரு தரம் உசிலமரத்தைத் திரும்பிப் பார்த்தான். நொச்சி பார்க்கவில்லை. ஓடையில் இறங்கி, ஏறி, பாறை மேட்டுக்குப் போனார்கள்.

அங்கே எல்லாமே அந்நியமாக இருந்தது. மண்ணின் வாசனை வேறு. காற்று வரும் திசை வேறு. யார் யார் அங்கே வாழ்கிறார்கள் என்று தெரியாது. ஒரு பாறையின் அடியில் நொச்சி தோண்டத் தொடங்கினாள். கூரன் நெஞ்சால் மண்ணைத் தள்ளினான். நெஞ்சு மயிர் தேய்ந்து எரிந்தது. நிறுத்தாமல் தள்ளினான். இருட்டும்போது அவர்கள் உடம்பில் பாதி நுழையும் அளவுக்குத்தான் குழி ஆகியிருந்தது. தலையை உள்ளே வைத்து, முள் முதுகை வெளியே காட்டி இருவரும் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

பின்னால் யாரோ வந்தார்கள். நின்று முகர்ந்தார்கள். நரியா, வேறு எதுவா என்று திரும்பிப் பார்க்க முடியாது. கூரனின் உடம்பு நடுங்கியது. அந்தக் காலடிகள் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு விலகிப் போயின.

“பயமா இருக்கா?” என்று நொச்சி கேட்டாள்.

“ம்.”

“எனக்கும்தான்” என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி மண்ணைப் பறித்தாள். அவன் தள்ளினான்.

மாசி முடிவதற்குள் அந்தக் குழி வளையாகிவிட்டது. படுக்க ஓர் அறை, இரண்டு பக்கமும் வாசல். முள் தைத்த வாயோடு பாம்பு பல நாள் பட்டினி கிடந்து, பங்குனி வெயிலில் வேறு மலைக்கு ஊர்ந்து போனதாகக் கௌதாரிகள் பேசிக்கொண்டன. பழைய வளை காலியாகத்தான் இருக்கிறது என்றும் அவை சொல்லிப் பார்த்தன. கூரன் கேட்டுக்கொண்டான். புது வாசலில் அன்றைக்குச் சேர்ந்த மண்ணை நெஞ்சால் தள்ளிக்கொண்டிருந்தான்.

பயம் தெளிந்த பிறகு புறப்படலாம் என்று காத்திருப்பவர் இருந்த இடத்திலேயே அழிவார். பயத்தோடு புறப்பட்டவரே எந்த வயதிலும் புதுவாழ்வைக் காண்பார்.